தண்டவாளக் காசும் அச்சுப் பிசகும்

மீட்டர் கேஜ் வண்டி ஓடிய காலத்தில் தேனிப் பையன்களுக்கு ஒரு திருட்டு விளையாட்டு இருந்தது. போடி வண்டியின் கூவல் தூரத்தில் கேட்டதும் ஓடிப்போய்த் தண்டவாளத்தில் காசு வைப்பது. நான் வைத்தது பத்துப் பைசா. ஓரம் முழுக்கப் பூவிதழ் போல வளைந்து வளைந்து வரும் அலுமினியக் காசு, எடை 2.3 கிராம். வண்டி போனபின் ஜல்லிக்குள் தேடி எடுத்தால் கை சுடும். காசு நீள்வட்டமாகி, சிங்கமுகம் ஆவி பிடித்த கண்ணாடியில் தெரிவது போல மங்கலாக இழுபட்டிருக்கும். வீட்டில் தெரிந்த அன்று முதுகு பழுத்தது. இப்போது பழுப்பது முதுகோடு நிற்காது. 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டம் காசை உருக்குவதையும் அழிப்பதையும் குற்றம் என்கிறது. அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் அந்தப் பாதையை மூடினார்கள். 2022 மே மாதம் தேனிக்கும் 2023 ஜூனில் போடிக்கும் ரயில் திரும்பி வந்துவிட்டது. பையன்கள் திரும்பி வந்தார்களா என்று நான் விசாரிக்கவில்லை.

அந்தக் காசு நினைவுக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. பழைய காசு சேர்க்கிறேன் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டதால் பேருந்து நிலையத்துப் பக்கம் போனாலே யாராவது சட்டைப் பையைத் துழாவுகிறார்கள். “அண்ணே, இந்தக் காசப் பாருங்க. எரர் காயினாம். போன்ல ஒருத்தன் அஞ்சு லட்சம்னு சொல்றான்” என்று டீக்கடைக்காரர் ஒருவர் நீட்டியவற்றில் பத்துக்கு ஒன்பது, என் தண்டவாளக் காசின் தூரத்துச் சொந்தங்கள். நசுங்கியவை, சுட்டவை, அரத்தால் ராவியவை, அமிலத்தில் ஊறியவை. காசு பிறந்த பிறகு அதற்கு நேர்ந்த விபத்துகள் அவை. எரர் காயின் என்பது பிறக்கும்போதே பிசகியது. இரண்டையும் பிரித்தறியக் கண் கூர்மையைவிட ஒரு கேள்வி அதிகம் உதவும்: இந்த அடையாளம் காசில் விழுந்தது அச்சு இறங்குவதற்கு முன்பா, இறங்கும்போதா, இறங்கிய பின்பா? உலோகம் வரிசையை மறப்பதில்லை. கேட்கத் தெரிந்தால் போதும்.

நாணயச்சாலைக்குத் தமிழில் அக்கசாலை என்று பழைய பெயர் ஒன்று இருக்கிறது. கொற்கைக்குப் பக்கத்தில் ஓர் ஊரே அந்தப் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. இன்று நம் கைக்கு வரும் காசு மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய நான்கு அக்கசாலைகளில் ஒன்றிலிருந்து வருகிறது. ஆண்டு எண்ணுக்குக் கீழே பாருங்கள். சாய்சதுரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், வட்டப் புள்ளி என்றால் நொய்டா. ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. ‘புள்ளி விட்டுப்போன காசு’ என்று கொல்கத்தாக் காசைப் பிழையாக்கி விற்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். 1980களின் நடுவிலும் 1990களின் கடைசியிலும் தட்டுப்பாட்டைச் சமாளிக்க வெளிநாட்டு அக்கசாலைகளிலும் நம் காசை அடித்து வாங்கினார்கள். 1999ஆம் ஆண்டு ஐந்து ரூபாயில் மாஸ்கோவின் குறி இருக்கும். அதுவும் பிழையில்லை, முகவரி.

காசின் முதல் கட்டம் தீபாவளிக்குச் சோமாசு செய்வது போன்றதுதான். மாவைத் தேய்த்து விரித்து டம்ளரைக் கவிழ்த்து வட்டம் வட்டமாக வெட்டுகிறோம் அல்லவா? அங்கே மாவுக்குப் பதில் உலோகத் தகடு, டம்ளருக்குப் பதில் எஃகுக் குத்தி. வெட்டி விழும் அச்சில்லாத வட்டத்துக்கு பிளாங்க் என்று பெயர். அவசரத்தில் வெட்டும்போது, ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேல் டம்ளர் கொஞ்சம் ஏறிவிட்டால் என்ன கிடைக்கும்? ஒரு பக்கம் பிறை கடித்த சோமாசு. காசிலும் அதேதான். தகடு சரியாக நகராமல் நின்றால், அடுத்த குத்து பழைய ஓட்டையைத் தொட்டுக்கொண்டு விழும். சேகரிப்போர் இதை கிளிப் என்கிறார்கள்.

அரம் வைத்திருக்கும் எவனும் பிறை போட்டுவிடலாமே என்று தோன்றும். போடலாம், பிடிபடுவான். வெட்டிய பிளாங்கை அப்படியே அச்சடிப்பதில்லை. காய்ச்சிப் பதப்படுத்திய பிறகோ முன்போ, இரண்டு பக்கமும் நெருக்கும் பள்ளத்துக்குள் உருட்டிவிட்டு ஓரத்தை மேடாக எழுப்புகிறார்கள். நெருக்குவதற்கு எதிரெதிரே இரண்டு புள்ளிகள் வேண்டும். ஒரு புள்ளியில் பிறை, அதாவது வெற்றிடம். அங்கே பிடிமானம் இல்லாததால் நேர் எதிர்ப் புள்ளியிலும் நெருக்கல் விழாது. ஆகவே உண்மையான கிளிப் காசில், பிறைக்கு நேர் எதிரே ஓரவிளிம்பு மங்கித் தேய்ந்தாற்போல இருக்கும். நாணயவியலில் இதற்கு பிளேக்ஸ்லி விளைவு என்று பெயர். அரக்காரனுக்குத் தான் வெட்டிய இடம் மட்டும்தான் தெரியும். எதிர்க்கரையில் அவன் கை படவே இல்லை.

வெட்டு விழுந்த காசெல்லாம் பிழை என்று நினைக்கும் முன் போடிக்கு ஒரு நடை போய்வர வேண்டும். ஏலக்காய் ஏலத்துக்குப் பேர்போன போடிநாயக்கனூரில், அதற்கெல்லாம் வெகுகாலம் முந்தைய வெள்ளி முத்திரைக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. பின்புறம் உள்ள குறியை மீனின் கோட்டுருவமாகப் பார்த்து, அவை பாண்டியர் வெளியிட்டவை என்று நாணயவியலாளர் பலர் கொள்கிறார்கள். முத்திரைக் காசு என்ற வகையே வேறு முறையில் பிறந்தது. வெள்ளித் தகட்டைத் துண்டு துண்டாக நறுக்குவார்கள். எடை கூடினால் மூலையைக் கொஞ்சம் வெட்டி எறிவார்கள். பிறகு சூரியன், மலை, மரம் என்று ஒவ்வொரு சின்னத்தையும் தனித்தனி முத்திரையால் குத்துவார்கள். அதனால் மூலை போன காசுதான் அங்கே சரியான காசு. தராசு சொன்னபடி வெட்டியது. ஒரு சின்னம் பாதி காசுக்கு வெளியே போயிருக்கும், இன்னொன்று இதன்மேல் ஏறியிருக்கும். யாரும் முகம் சுளிக்கவில்லை. மதுரை நாயக்கர் செப்புக் காசுகளும் அப்படித்தான். அச்சு பெரியது, செப்புத் துண்டு சிறியது. உருவத்தின் ஒரு பகுதி வெளியே நின்றுவிடும். எல்லாக் காசும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்று இயந்திரம் வாக்குக் கொடுத்த பிறகுதான் பிழை என்ற சொல்லுக்கே வேலை வந்தது.

இனி அடி. கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு, நடுவில் பிளாங்க். சுற்றிலும் எஃகு வளையம் ஒன்று. அதை காலர் என்பார்கள். மேலச்சு பல டன் அழுத்தத்தோடு இறங்கும் கணத்தில் குளிர்ந்த உலோகம் களிமண் போல ஒழுகி அச்சின் பள்ளங்களுக்குள் ஏறுகிறது. பக்கவாட்டில் பிதுங்கப் பார்ப்பதை காலர் தடுத்து வட்டமாக நிறுத்துகிறது. ஐந்து ரூபாயின் விளிம்பு வேலைப்பாடும் காலரின் பொறுப்பு. இதெல்லாம் கண் சிமிட்டும் நேரத்துக்குள், நிமிடத்துக்குப் பல நூறு முறை.

காலர் சிக்கிக்கொண்டு மேலேறாமல் போனால் உலோகம் அணையில்லாத வெள்ளமாகப் பரவும். காசு அகலமாகி மெலியும். விளிம்பு வழுவழு என்று நிற்கும். சேகரிப்போர் மொழியில் பிராட்ஸ்ட்ரைக். என் தண்டவாளக் காசும் அகன்று மெலிந்ததுதானே? எடையும் இரண்டிலும் குறைவதில்லை. எழுத்தைப் பாருங்கள். பிராட்ஸ்ட்ரைக்கில் உலோகம் பரவிய அதே கணத்தில் அச்சும் அதன்மேல் இருந்ததால், நடுவிலுள்ள எழுத்துகள் கத்திபோலக் கூர்மையாக இருக்கும். ரயில் சக்கரத்தில் எழுத்து கிடையாது. ஏற்கெனவே இருந்த மேட்டை அது நசுக்கி ஒரு திசையில் இழுக்கிறது. எழுத்து உலோகத்தோடு சேர்ந்து நீண்டு மங்குகிறது. கூர்மையான அகலமா, மங்கிய அகலமா? இதைப் பார்க்கப் பூதக்கண்ணாடிகூட வேண்டாம்.

டீக்கடைக்காரரின் பத்தில் ஒன்று மட்டும் என்னை நாற்காலி நுனிக்குக் கொண்டுவந்தது. 2014ஆம் ஆண்டின் மஞ்சள் ஐந்து ரூபாய், நிக்கல் பித்தளை. ஆண்டுக்குக் கீழே நொய்டாவின் புள்ளி. சிங்கப் பக்கத்தில், இந்தியா என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்திலிருந்து ஓரவிளிம்பு வரை மயிரிழை போல ஒரு கோடு. “கீறல்ங்கண்ணே அது. அத விடுங்க, இந்த ஓட்டக் காசப் பாருங்க” என்றார். நான் நகத்தை மெல்ல ஓட்டினேன். கீறலாக இருந்தால் நகம் பள்ளத்தில் விழ வேண்டும். இங்கே நகம் தடுக்கி ஏறியது. கோடு மேடாக இருந்தது.

அச்சில் பள்ளம் என்றால் காசில் மேடு, அச்சில் மேடு என்றால் காசில் பள்ளம். இந்தத் துறையில் ஒன்றே ஒன்றை மனப்பாடம் செய்யச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். காசில் ஒரு கோடு மேடாக நிற்கிறது என்றால் அச்சில் அங்கே விரிசல் இருந்திருக்கிறது. லட்சக்கணக்கான அடி வாங்கிய எஃகு அலுத்துப்போய்ப் பிளக்கத் தொடங்கும்போது, அந்தப் பிளவுக்குள்ளும் உலோகம் ஏறி மேட்டுக்கோடாகப் பதிகிறது. இதுதான் டை கிராக். காசின் மேல் பிற்பாடு யாரும் மேடு வரைய முடியாது. உலோகத்தைக் கூட்டி ஒட்டினால்தான் உண்டு, ஒட்டினால் தெரிந்துவிடும். கீறிய கோட்டில் பள்ளமும், தள்ளப்பட்ட உலோகம் இரு கரையிலும் புடைத்த வரப்பும் இருக்கும். ஏர் ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விரிசல் வளரும். இன்று மயிரிழை, இன்னும் சில ஆயிரம் அடியில் இரண்டு கிளை, அப்புறம் ஒருநாள் அச்சின் ஓரத்துண்டே பெயர்ந்து விழும். அதற்குப் பிறகு வரும் காசுகளில் அந்த இடத்தில் எழுத்தே இருக்காது, வழவழப்பான ஒரு புடைப்பு மட்டும் இருக்கும். அதற்கு கட் என்று பெயர், மாடு மெல்லும் அசையின் ஆங்கிலச் சொல்லே. ஒரே அச்சில் பிறந்த காசுகளைச் சேர்த்தால் விரிசலின் நீளத்தை வைத்து மூத்தது எது, இளையது எது என்று வரிசைப்படுத்திவிடலாம். காசில் அச்சிட்ட தேதி இருக்காது, ஆண்டு மட்டும்தான். ஆனால் விரிசல் நாள்கணக்கு வைத்திருக்கிறது.

எழுத்து காணாமல் போன காசுகள்தான் நம் பக்கம் அதிகம் ஏமாற்றுபவை. அச்சின் பள்ளத்தில் எண்ணெய்ப்பிசுக்கும் உலோகத்தூளும் அடைந்துகொண்டால் அங்கே உலோகம் ஏற இடமில்லை. எழுத்து பாதியாகவோ இல்லாமலோ பிறக்கும். முல்லைப் பெரியாற்றில் கிடந்து எடுத்த காசிலும் எழுத்து இருக்காது. வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவுக்குப் போய்வந்தவர்களுக்கு ஆற்றில் காசு போடும் பழக்கம் தெரியும். மணலும் நீரும் உரசிய காசு எப்படித் தேயும்? மேடு முதலில் தேயும். விளிம்பு, சிங்கத்தின் நெற்றி, பிறகு எழுத்து, எல்லாம் ஒரு மட்டத்துக்குச் சேர்ந்தே இறங்கும். பிசுக்கு அடைத்த காசில் ஓரெழுத்து மறைந்திருக்க, ஒட்டினாற்போல இருக்கும் அடுத்த எழுத்து புத்தம்புதிதாக நிற்கும். ஆறு அப்படிப் பொறுக்கித் தேய்க்காது.

தேய்மானத்தை ஒருவர் அறிவியலாகவே ஆக்கினார். கணிதப் பேராசிரியர் டி. டி. கோசாம்பி 1940களின் தொடக்கத்தில் முத்திரைக் காசுகளை ஒவ்வொன்றாகத் தராசில் போட ஆரம்பித்தார். கைமாறும் ஒவ்வொரு முறையும் காசு துளி உலோகத்தை இழக்கிறது. ஒவ்வொரு காசும் ஒரே அளவு கைமாறுவதில்லை. ஒன்று பானையில் தூங்கும், ஒன்று சந்தை சந்தையாக அலையும். ஆகவே ஆண்டுகள் கூடக்கூட ஒரு வகைக் காசின் சராசரி எடை குறையும். காசுக்குக் காசு வித்தியாசமும் பெருகும். தன் காலத்தில் புழங்கிய காசுகளையும் நிறுத்து இதைச் சரிபார்த்தார். பிழை தேடுபவருக்கும் இதில் பாடம் இருக்கிறது. 1992இல் வந்த எஃகு ஒரு ரூபாய் 4.85 கிராம். கண்டக்டர் பையில் குலுங்கிக் குலுங்கி அது கொஞ்சம் இளைத்திருந்தால் வியப்பில்லை. நகைப் பட்டறைத் தராசில் அதே ஒரு ரூபாய் 3.8 கிராம் காட்டினால் தேய்மானம் என்று விட்டுவிடக் கூடாது. எஃகு ஐம்பது பைசாவின் எடை 3.79 கிராம், அகலம் 22 மில்லிமீட்டர், ரூபாய்க்கு 25. ஐம்பது பைசா பிளாங்க் ஒன்று தவறிப்போய் ரூபாய் அச்சுக்குள் விழுந்திருக்கலாம். எழுத்து விளிம்பில் வெட்டுப்பட்டுக் கூர்மையாக நின்றால் அப்படித்தான். அகலம் குறையாமல் மொத்தமும் ஒரே சீராக மெலிந்திருந்தால் யாரோ அமிலத்தில் போட்டிருக்கிறார்கள். ஒரு காந்தமும் உடனிருக்கட்டும். எஃகு ரூபாய் ஒட்டும், பழைய பதினொரு கோண இரண்டு ரூபாய் செம்புநிக்கல் என்பதால் ஒட்டாது.

பிழைகளில் எனக்குப் பிடித்தது பிராக்கேஜ். அடித்த காசு வெளியே விழாமல் மேலச்சில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. அடுத்த பிளாங்க் உள்ளே வருகிறது. இப்போது அதன்மேல் இறங்குவது அச்சு அல்ல, இன்னொரு காசு. கீழ்ப்பக்கம் ஒழுங்காகப் பதிய, மேல்பக்கத்திலும் அதே உருவம் பள்ளமாக, கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறி விழும். முன்னே சிங்கம், பின்னே சிங்கத்தின் குழி. இதைப் போலியாகச் செய்ய இரண்டு காசுகளைப் பட்டறை இடுக்கியில் சேர்த்து நெரிப்பார்கள். குழி விழும். ஆனால் நெரிபட்ட பக்கத்தில் ஏற்கெனவே இருந்த அச்சின் மிச்சம் குழிக்கு நடுவே எட்டிப்பார்க்கும். உண்மையான பிராக்கேஜில் அந்தப் பக்கம் அச்சைப் பார்த்ததே இல்லை.

இரட்டை உருவம் பற்றிச் சுருக்கமாக. அச்சையே செய்யும்போது மூல உருவம் இரண்டு முறை இடம் பிசகிப் பதிந்தால், அந்த அச்சில் பிறக்கும் எல்லாக் காசிலும் எழுத்து இரண்டு இரண்டாக, இரண்டும் முழுமையாக, உருண்டு நிற்கும். அமெரிக்காவின் 1955ஆம் ஆண்டு ஒரு சென்ட் இதற்குப் பேர்போனது. அச்சு தளர்ந்து அடித்தபின் கொஞ்சம் வழுக்கினால் வருவது வேறு. எழுத்தின் ஓரம் தட்டையாகப் படிக்கட்டுபோல் சப்பி, எழுத்து மெலிந்து போகும். அதற்கு மதிப்பு ஏதும் கிடையாது, ஆனால் விற்பவர்கள் காட்டுவது பெரும்பாலும் அதைத்தான். பிரிட்டனில் 2008இல் இருபது பென்ஸ் காசுக்கு வடிவம் மாறியபோது பழைய தலையச்சையும் புதிய மறுபக்க அச்சையும் ஜோடி சேர்த்துவிட்டார்கள். ஆண்டு எண் பழையதில் பின்புறம், புதியதில் முன்புறம். கலப்பு ஜோடியில் எங்குமே ஆண்டு இல்லை. இப்படிப்பட்ட காசுக்குக் கோவேறு கழுதையின் பெயரை வைத்து மியூல் என்கிறார்கள்.

பூவா தலையா போடும் நேரத்தில் நீங்களே செய்துபார்க்க ஒரு சோதனை இருக்கிறது. காசின் இடத்தையும் வலத்தையும் இரு விரலால் பிடிக்காமல் மேலும் கீழும் பிடித்து, தலை நிமிர்ந்திருக்கும்படி வைத்து, கதவைத் திறப்பதுபோலத் திருப்புங்கள். நம் காசில் பூவும் நிமிர்ந்தே இருக்க வேண்டும். சாய்ந்தோ தலைகீழாகவோ இருந்தால் ஓர் அச்சு தன் இடத்தில் சுழன்றிருக்கிறது. வீட்டு உண்டியலில் தேடினால் கிடைக்கக்கூடிய பிழை இது. அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த காசில் செய்துபார்த்து ஏமாறாதீர்கள், அவர்கள் தலைகீழாக அடிப்பதே வழக்கம்.

பிழையே இல்லாத காசைச் செல்லாக் காசாக்கிய கதையும் நம் கண்முன் நடந்தது. இரு உலோகப் பத்து ரூபாயில் ஒன்றுக்குப் பதினைந்து கதிர், இன்னொன்றுக்குப் பத்து. ஒன்றில் ரூபாய்ச் சின்னம் உண்டு, ஒன்றில் இல்லை. சின்னமே 2010இல் பிறந்ததுதான், அதற்கு முந்தைய காசில் எப்படி இருக்கும்? தமிழ்நாட்டில் ஊர் ஊராக வாங்க மறுத்தார்கள். பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்த பிறகும் கடைக்காரர்கள் கை நீளவில்லை. 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் ரூபாய்க்கு நடந்தது இன்னும் வேடிக்கை. அவர் மார்பில் தொங்கிய சங்கிலியின் யானை பார்ப்பவர்களுக்குப் பன்றியாகத் தெரிந்துவிட, 1912 காசில் யானையைத் திருத்த வேண்டியதாயிற்று. அக்கசாலை பிசகவில்லை, வரைந்த கை பிசகியது.

டீக்கடைக்காரர் நம்பியிருந்த அந்த ஓட்டைக் காசு, நடுவட்டம் இல்லாத பத்து ரூபாய். நடுவட்டத்தையும் வெளிவளையத்தையும் தனித்தனியே செய்து ஒன்றாக வைத்து அடிக்கும்போது உலோகம் பிதுங்கி ஒன்றையொன்று பூட்டிக்கொள்கிறது. நடுவட்டம் வைக்க மறந்து வளையத்தை மட்டும் அடித்திருந்தால், தடுக்க ஆளில்லாத உலோகம் உள்பக்கமாக வழிந்து ஓட்டையின் ஓரம் கோணலாகியிருக்கும். இவருடையதில் உட்சுவர் செங்குத்தாக, பூட்டிய தடத்தோடு, சுத்தமாக இருந்தது. யாரோ தட்டிக் கழற்றியது. சொன்னேன். “அப்ப அஞ்சு லட்சம்?” என்றார். தன் பெயரைச் சொல்லிப் பழைய காசு வாங்குவதாகக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாமென்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்த சேதியைச் சொன்னேன். முகம் வாடிவிட்டது. விரிசல் காசு வேண்டுமானால் சில நூறு பெறலாம், அதுவும் ஆசைப்பட்டவன் கிடைத்தால்.

ஆனால் அதே அச்சில் பிறந்த இன்னொரு காசு, விரிசல் கொஞ்சம் நீண்டது, எங்கோ புழங்கிக்கொண்டிருக்கும் என்று சொன்னதும் அவர் கண் மாறியது. “இதே ஊர்லயாண்ணே?” என்றார். ஒரே சாக்கில் வந்திருந்தால் இருக்கலாம் என்றேன். போன வாரம் போனபோது கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது. 2014, புள்ளி உள்ள ஐந்து ரூபாயாகப் பார்த்துப் பொறுக்கிப் போட்டிருக்கிறார். எண்ணினோம், பதினெட்டு. எல்லாவற்றிலும் நகத்தை ஓட்டிப் பார்த்தாயிற்று, ஒன்றிலும் தடுக்கவில்லை. பாட்டிலை மூடி வைத்துவிட்டு இரண்டு டீ ஆற்றினார்.